சம்பந்தியின் கரவன்

பான், 12.01.1997

பெருமதிப்புக்குரிய சம்பந்தி இராசலிங்கம் அண்ணைக்கு,

பேனாட் எழுதிக்கொள்வது. மாதாவின் காவலில் நானும் இமெல்டாவும் சுகம். அவவின் முழங்கால் மட்டும் பனி விழுகிற நாட்களில் முறைப்பாடு வைக்கிறது. உங்கள் சீனி வருத்தம் கட்டுக்குள் நிற்கிறதா? மகாதேவி அக்காவின் இருமல் விட்டதா?

தொலைபேசியில் கேட்கலாம்தான். ஆனால் எங்கள் வீட்டில் எடுப்பது இமெல்டா, உங்கள் வீட்டில் எடுப்பது அக்கா. இரண்டு பேரும் கதைத்து முடித்து எங்களிடம் தரும்போது றிசீவரில் சூடு மட்டும்தான் மிச்சம். அதோடு, நீங்கள் ஊரில் தபாலதிபராக இருந்தவர். வந்த கடிதத்துக்கு மறுமொழி போடாமல் உங்களுக்கு நித்திரை வராது என்று உங்கள் மகன், எங்கள் மருமகன் தபோதரன் சொல்லுவார்.

விசயம் இதுதான். மார்ச் கடைசியோடு எனக்குப் பென்சன். பதினொரு வருடம் ஜெர்மன் அமைச்சகக் கன்ரீனில் கோப்பை கழுவியாயிற்று. எந்த அதிகாரி உருளைக்கிழங்கைத் தொடாமல் விடுவார், யார் சோஸை விரலால் வழிப்பார் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். இந்த அறிவை வைத்துக்கொண்டு இனி என்ன செய்வது என்பது மட்டும் தெரியவில்லை.

நத்தாருக்குப் பேத்தி அன்னா வந்து நின்றாள் அல்லவா? சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது கேட்டாள்: "அம்மப்பா, அப்பப்பான்ர வீட்டுக்குச் சில்லு இருக்கு. உங்கட வீட்டுக்கு ஏன் இல்லை?"

நான் சிரித்தேன். சிரிப்பு முகத்தில் ஏறவில்லை என்று இமெல்டா பிறகு சொன்னா.

அண்ணை, நாலு வருடமாகக் கோடை விடுமுறையில் பேத்தி இரண்டு கிழமை உங்கள் கரவனில் ஊர் சுற்றுகிறாள். திரும்பி வந்து நத்தார் வரைக்கும் அதையே கதைக்கிறாள். எங்களிடம் வந்தால் பல்கனியும் தொலைக்காட்சியும். இதில் பொறாமை ஒன்றும் கிடையாது என்று எழுதத்தான் பேனையை எடுத்தேன். பேனை ஒத்துழைக்கவில்லை.

ஆகவே நானும் ஒரு கரவன் வாங்க நினைக்கிறேன். சின்னன் ஒன்று, என் பழைய ஓப்பல் காருக்குப் பின்னால் கொழுவி இழுக்கக்கூடியதாக. இந்தத் துறையில் எனக்கு அரிவரியும் தெரியாது. நீங்கள்தான் வழிகாட்ட வேணும்.

அக்காவுக்கு எங்கள் அன்பு.

உங்கள் சம்பந்தி,
ம. பேனாட்


ஹைல்புரோன், 19.01.1997

அன்புள்ள சம்பந்தி பேனாட் அவர்களுக்கு,

நலம். நலமே சூழ்க. தங்கள் 12ஆம் திகதிய கடிதம் 15ஆம் திகதி கிடைத்தது. முத்திரை சரிவாக ஒட்டப்பட்டிருந்தது. மகாதேவியின் இருமல் நின்றுவிட்டது. என் சீனி கட்டுக்குள். கண்ணாடி மாற்றுவதற்கு டொக்டரிடம் ஒரு டெர்மின், அதாவது சந்திக்க நேரம், எடுத்திருக்கிறேன், வேறு விசேடமில்லை.

தாங்கள் கேட்டபடியால் சொல்கிறேன். முதலில் கரவனைப் பார்க்காதீர்கள், தங்கள் காரின் பதிவுப் புத்தகத்தைப் பாருங்கள். எவ்வளவு பாரம் இழுக்கலாம் என்று அதில் போட்டிருக்கும். இழுக்கும் கொக்கி காரில் இருக்கிறதா என்றும் பாருங்கள். சிரிக்க வேண்டாம், கரவனை வாங்கியபின் கொக்கி தேடியவர்களை நான் அறிவேன். கட்டிலில் சப்பாத்தைக் கழற்றிவிட்டுப் படுத்துப் பார்த்த பிறகே விலை பேசுங்கள். மூலைகளில் மணந்து பாருங்கள். ஈர மணம் வந்தால் கதவைச் சாத்திவிட்டு வந்துவிடுங்கள். காஸ் அடுப்புக்குத் தனியாகப் பரிசோதனைப் பத்திரம் உண்டு. டியூவ் வாகனப் பரிசோதனை முடிந்துவிட்டதென்று வாயால் சொல்வதை நம்பவேண்டாம்.

சாமான் ஏற்றும்போது பாரமெல்லாம் அச்சுக்கு மேலே, வண்டியின் நடுவில் இருக்கவேண்டும். பின்பக்கம் பாரம் கூடினால் வண்டி வாலாட்டும். வாலாட்டினால் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்து, காலை எண்ணெய் மிதியிலிருந்து எடுங்கள். வெட்டித் திருப்பாதீர்கள்.

என் அபிப்பிராயம் கேட்டால், சிறியது வேண்டாம். அகதி மனு முடிவாகும் வரை ஐந்து வருடம் நான் மாவட்ட எல்லையைத் தாண்டுவதற்கு அனுமதிக் கடிதம் கேட்டவன். பதில் சாதகமாக வந்த வருடமே இந்தக் கரவனை வாங்கினேன். ஆறு மீற்றர். குளியலறை உண்டு. அன்னாவுக்குத் தனிக் கட்டில், திரைச்சீலை, வாசிக்கச் சிறு லைற். தாங்கள் புதியவர். முதலில் ஒன்றை வாடகைக்கு எடுத்துப் பார்ப்பது உசிதம்.

இப்படிக்கு,
க. இராசலிங்கம்


பான், 16.02.1997

பெருமதிப்புக்குரிய அண்ணைக்கு,

நாங்கள் சுகம். அக்காவும் நீங்களும் சுகமாயிருக்க மன்றாடுகிறோம். புதுக் கண்ணாடி வந்ததா? முத்திரையை இந்த முறை அடிமட்டம் வைத்து ஒட்டியிருக்கிறேன்.

உங்கள் கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு நாலு கரவன் பார்த்தோம். முதலாவதில் சப்பாத்தைக் கழற்றிவிட்டுப் படுத்தேன். இமெல்டா பக்கத்தில் படுத்துக்கொண்டு, "இதுக்க நீங்கள் குறட்டை விட்டா நான் எங்க போறது? றோட்டுக்கோ?" என்று கேட்டா. விற்கிற ஆள் தமிழ் தெரியாமலே விளங்கிக்கொண்டு தலையை ஆட்டினான். இரண்டாவதன் மூலையில் மணந்தேன், நனைந்த நாய். பெருவிரலால் சுவரை அமத்தினேன். விரல் உள்ளே போய்விட்டது. வெளியே எடுத்து, பார்க்காத மாதிரி வந்துவிட்டோம்.

மூன்றாவது உங்களுடையதைப் போல ஆறு மீற்றர். அதன் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். உள்ளே என்ன செய்கிறீர்கள் என்று இமெல்டா தட்டினா. ஒன்றும் செய்யவில்லை அண்ணை, சும்மா நின்றேன். உங்களை நினைத்தேன். ஆனால் என் ஓப்பலின் புத்தகத்தைப் பார்த்தால், அந்தக் கரவன்தான் ஓப்பலை இழுக்கும்போல இருக்கிறது.

நாலாவது ஐஃபல் பக்கம் ஒரு கமக்காரனின் கொட்டிலில், வைக்கோலுக்குப் பின்னால் நின்றது. முட்டை மாதிரி உருண்டை, மூன்றரை மீற்றர், வெள்ளை. நான் விரலை மடித்துச் சுவரில் தட்டினேன். "டொங்" என்றது. இன்னோர் இடத்தில் தட்டினேன். "டொங்." பின்னால் ஒரு மூலையில் மட்டும் "டப்" என்றது. கமக்காரன் "நீங்கள் டொக்டரா?" என்று கேட்டான்.

அண்ணை, அது முழுக்கப் பைபர். மேலே ஒரு கோது, கீழே ஒரு கோது, இரண்டையும் பொருத்தி ஒட்டியிருக்கிறது. சுவருக்குள் பலகை இல்லை, ஆகவே உக்குவதற்கும் ஒன்றும் இல்லை. எட்டாம் வகுப்போடு கணக்குப் பாடம் என்னைக் கைவிட்டது உண்மை. ஆனால் பேசாலையில் பதினேழரை அடிப் பைபர் வள்ளத்தைப் பன்னிரண்டு வருடம் ஓட்டினவன் நான். பைபரைத் தட்டினால் அது எனக்குப் பொய் சொல்லாது. அந்த "டப்" ஒரு சின்ன வெடிப்பு. நானே அடைப்பேன்.

கூரையை நடுவில் உயர்த்தினால் நிமிர்ந்து நிற்கலாம், மற்ற இடமெல்லாம் கும்பிட்டபடிதான். மேசையை இறக்கினால் கட்டில். முன்பக்கம் அன்னா அளவுக்கு ஒரு வாங்கு. குளியலறை கிடையாது, மூடி போட்ட வாளி ஒன்று உண்டு.

உங்கள் அபிப்பிராயத்தை அறிய ஆவல்.

பேனாட்


ஹைல்புரோன், 03.03.1997

அன்புள்ள சம்பந்திக்கு,

கடிதம் கிடைத்தது. முத்திரை நேராக இருந்தது.

பைபர் தண்ணீர்த் தாங்கி செய்யும் சாமான். முட்டைக்குள் இருக்கவேண்டியது குஞ்சு, அறுபத்தைந்து வயது மனிதர் அல்ல. வாளி விடயத்தில் நான் கருத்துக் கூற விரும்பவில்லை.

வாங்குவதென்றே தீர்மானித்துவிட்டால், ஒன்றை மறக்கவேண்டாம். வண்டி வள்ளம் அல்ல. பாரம் அச்சுக்கு மேலே. பின்னால் ஒருபோதும் வேண்டாம்.

மகாதேவி நலம்.

இராசலிங்கம்


பான், 07.04.1997

பெருமதிப்புக்குரிய அண்ணைக்கு,

உயிர்த்த ஞாயிறு வாழ்த்துக்கள். நான் இப்போது பென்சன்காரன். கன்ரீனில் ஒரு பூங்கொத்தும், கழுவுகிற மெசினுக்கு முன்னால் நின்று எடுத்த படமும் தந்தார்கள். அக்கா சுகம் என்று எழுதினீர்கள். உங்கள் சுகத்தை எழுத மறந்துவிட்டீர்கள்.

முட்டை வந்துவிட்டது.

வெடிப்பை அடைக்க ரெசின் பசையைப் பல்கனியில் வைத்துக் குழைத்தேன். மேல்வீட்டு அம்மா ஜன்னலைத் திறந்து, வீடு எரிகிறதா என்று கேட்டா. இல்லை, வீடு கட்டுகிறேன் என்றேன். டியூவ்காரன் கீழே குனிந்து, மேலே பார்த்து, ஒட்டின இடத்தைத் தடவி, யார் செய்தது என்று கேட்டான். நான் என்றேன். இன்னொருமுறை தடவிவிட்டு முத்திரை குத்தினான். அந்த முத்திரைக்கு நான் பதினொரு வருடம் காத்திருந்தேன் அண்ணை.

சுவாமியார் வந்து ஆசீர்வதித்துத் தீர்த்தம் தெளித்தார். அவர் போனதும் இமெல்டா சில்லுக்குக் கீழே தேசிக்காய் வைத்தா. கேட்டால், "மகாதேவி அக்கா போனில சொன்னவ. வச்சா என்ன குறைஞ்சு போமோ?" என்கிறா. ஆக, என் முட்டைக்கு இரண்டு பக்கக் காவல்.

ஈஸ்டருக்கு அன்னா உங்களிடம் நின்றாள். திரும்பியதும் போனில் ஒரே சந்தோசம். "அப்பப்பாவும் நானும் நோர்ட்சே போனனாங்கள்! போயிட்டு மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்திட்டம்!" என்றாள். ஹைல்புரோனிலிருந்து நோர்ட்சே என்கிற வடகடலுக்குப் போய் மத்தியானத்துக்குள் திரும்ப உங்கள் பென்ஸுக்குச் செட்டை முளைத்தாலும் ஏலாது. சின்னப்பிள்ளையின் கணக்கு. இருந்தாலும் எங்கேயோ போயிருக்கிறீர்கள். எங்கேயோ போய், அதை அவள் கடல் என்று நம்பியிருக்கிறாள். அன்றைக்கு இரவுச் சாப்பாடு எனக்கு இறங்கவில்லை.

ஆகவே நேராகக் கேட்கிறேன். இந்தக் கோடையில் அந்த இரண்டு கிழமையை எங்களுக்குத் தாருங்கள். ஓகஸ்டில் கேவலார் மாதா திருவிழா. எங்கள் சனமெல்லாம் வரும். அன்னாவை முட்டையில் கூட்டிக்கொண்டு போகவேண்டும். அஞ்சலாவிடம் கேட்டேன். "மாமா ஓம் எண்டால் சரி அப்பா" என்கிறாள். பெற்ற மகள்! உங்கள் உத்தரவைக் கேட்கிறாள்!

இன்னொன்று. முன்பு உங்கள் எழுத்து எறும்பு வரிசை. போன கடிதத்தில் ஒரு பக்கத்துக்குப் பன்னிரண்டு வரிதான். ஆறு மீற்றர் கரவன் வைத்திருக்கிறவரின் எழுத்தும் பெருக்குமோ? அப்படியென்றால் என் எழுத்து இனிக் கடுகளவு.

மறுமொழிக்குக் காத்திருக்கும்,
பேனாட்


பான், 18.05.1997

மதிப்புக்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

நாங்கள் சுகம். நீங்கள் சுகமோ இல்லையோ தெரியாது, எழுதினால்தானே தெரியும்.

ஆறு கிழமையாகிறது. தபாற்பெட்டியைத் திறந்து திறந்து கீல் கழன்றுவிட்டது. முத்திரை சரிந்திருந்ததா? எழுத்தைப் பற்றி எழுதியது பிடிக்கவில்லையா? அது பகிடி அண்ணை. என் பகிடிகள் மற்றவர்களுக்குப் போய்ச் சேரும்போது கல்லாக மாறுவது வழக்கம். இமெல்டாவைக் கேட்டால் ஒரு பட்டியலே தருவா.

அல்லது அன்னாவைத் தர மனமில்லையா? மனமில்லை என்றால் அதையே எழுதுங்கள். உங்களிடம் குளியலறை இருக்கிறது, ஹைல்புரோன் அன்னா இருக்கிற கார்ல்ஸ்ரூஹேக்குப் பக்கத்தில் இருக்கிறது, பிள்ளையை நினைத்த கிழமை பார்க்கிறீர்கள். நான் மூன்று மணித்தியாலம் ஓடிப்போய், அவள் நித்திரையால் எழும்பும் வரைக்கும் குசினியில் இருக்கிறேன். வருடத்தில் இரண்டு கிழமை கேட்டேன். உங்கள் கரவனைக் கேட்கவில்லை.

கோபத்தில் எழுதியதை இமெல்டா கிழிக்கச் சொன்னா. கிழித்தேன். இது இரண்டாவது பிரதி. முதலாவது இதைவிட மோசம்.

ம. பேனாட்


ஹைல்புரோன், 01.06.1997

அன்புள்ள தம்பி பேனாட்டுக்கு,

மகாதேவி எழுதுகிறேன். இவர் பக்கத்தில் இருந்து சொல்லச் சொல்ல எழுதுகிறேன். கையில் சின்ன நோவு, அதனால்தான் இவ்வளவு நாளும் மறுமொழி போடவில்லை. கோபிக்கவேண்டாம். இமெல்டாவின் முழங்காலுக்கு நான் சொன்ன எண்ணெய் பூசுகிறாவா?

இவர் சொல்வது:

அன்னாவை இந்த வருடம் தாங்களே கூட்டிச் செல்லவும். இரண்டு கிழமை என்ன, மூன்று கிழமையும் வைத்திருக்கலாம். நாங்கள் இந்தக் கோடையில் எங்கும் போகவில்லை. கரவனுக்கும் ஓய்வு வேண்டும்.

பாரம் அச்சுக்கு மேலே. இதை அடிக்கோடிடச் சொன்னார், இட்டிருக்கிறேன்.

போகும் பாதையை எழுதவும். எந்த வீதி, எந்தப் பாலம், பக்கத்தில் என்ன பயிர், எல்லாம். சும்மா, அறியும் ஆவல்.

அவ்வளவுதான் தம்பி. வேறு ஏதும் எழுதவா என்று கேட்டேன். வேண்டாம் என்றுவிட்டார்.

அன்புடன்,
மகாதேவி அக்கா


பான், 15.06.1997

அன்புள்ள அண்ணைக்கும் அக்காவுக்கும்,

கை நோவு எப்படி? கோடாலித் தைலம் பூசி, ஒரு துணியைச் சுற்றிக்கொண்டு படுங்கோ. இமெல்டா எண்ணெய் பூசுகிறா, வீடு முழுக்க மருந்துக்கடை மணம்.

கடிதத்தைப் படித்துவிட்டுப் பல்கனியில் நின்று விசிலடித்தேன். மேல்வீட்டு அம்மா திரும்பவும் ஜன்னலைத் திறந்தா.

ஆனால் ஒன்று சொல்லவேண்டும். நீங்கள் மறுப்பீர்கள் என்று நாலு நியாயம் யோசித்து வைத்திருந்தேன். நாலும் அருமையான நியாயங்கள். ஒன்றுக்கும் வேலையில்லாமல் போய்விட்டது. இவ்வளவு லேசாகத் தந்தது எனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. கயிறு இழுக்கும்போது மற்றவர் கையை விட்டால் நான் பின்பக்கமாக அல்லவா விழுகிறேன்?

"கரவனுக்கும் ஓய்வு வேண்டும்" என்று எழுதியதை மூன்று முறை வாசித்தேன். கரவனே வைத்திருந்து, அதற்கு ஓய்வும் கொடுக்கிறார் மனுசன் என்று இமெல்டாவிடம் சொன்னேன். "உங்களுக்கு எரியிறதுக்கு நெருப்பே தேவையில்லை" என்றா.

பாதையை எழுதுவேன்.

பேனாட்


கேவலார், 11.08.1997

என் அன்புள்ள அண்ணைக்கு,

கேவலார் முகாம் புல்வெளியில், முட்டையின் மேசையில் இருந்து எழுதுகிறேன். மூன்று பேரும் சுகம். உங்கள் சுகத்தை இனி வழக்கத்துக்காகக் கேட்கமாட்டேன். அக்கா இதை உங்களுக்கு வாசித்துக் காட்டவேணும்.

முதலில் என் குற்றம்.

கார்ல்ஸ்ரூஹேயில் அன்னாவை ஏற்றிக்கொண்டு புறப்பட்டோம். பாரத்தை நான் பின்னால் ஏற்றியிருந்தேன். இருபது கிலோ அரிசி, பெரிய குக்கர், ஆட்டிறைச்சி வைத்த ஐஸ்பெட்டி, இமெல்டாவின் இரும்பு உரல், எல்லாம் பின் வாங்குக்குக் கீழே. நீங்கள் மூன்று கடிதத்தில் எழுதினீர்கள். அக்கா அடிக்கோடும் போட்டா. அதனால்தான் செய்தேன் என்று நினைக்கிறேன். வள்ளத்தில் பாரம் பின்னால், கடையார்ப் பக்கம், இருந்தால்தான் முன் அணியம் எழும்பி அலையை வெட்டும். எஞ்சின் தொங்குவதும் அங்கேதான். பைபரைப் பற்றித் தபாலதிபர் எனக்குப் படிப்பிக்கிறாரா என்று ஒரு திமிர்.

மோசல் ஆற்றுக்கு இறங்குகிற சரிவில் ஒரு லொறி எங்களைக் கடந்தது. முட்டை வாலாட்டத் தொடங்கியது. முதலில் நாய் மாதிரி. பிறகு முதலை மாதிரி. கண்ணாடியில் பார்த்தால் முட்டை இடப்பக்கம் தெரிகிறது, வலப்பக்கம் தெரிகிறது. இமெல்டா செபமாலையை எடுக்கவில்லை, என் தோளைத்தான் பிடித்தா. வள்ளம் என்றால் சுக்கானை வெட்டித் திருப்பியிருப்பேன். கை போகவும் போனது. அப்போது உங்கள் ஜனவரிக் கடிதம் அப்படியே கண்ணுக்கு முன்னால் வந்தது. இறுக்கிப் பிடித்தேன். காலை எண்ணெயிலிருந்து எடுத்தேன். இன்னும் இரண்டு ஆட்டு ஆட்டிவிட்டு முட்டை அடங்கியது. அந்தத் திருப்பாத கைக்குள்தான் உங்கள் பேத்தியும் என் பேத்தியும் இருந்தாள்.

அடுத்த தரிப்பிடத்தில் நிறுத்தினேன். பின் சீற்றில் இருந்து அன்னா சாவகாசமாகக் கேட்டாள்:

"அம்மப்பா, பாரத்தைப் பின்னுக்கு வச்சனீங்களோ?"

"உனக்கு ஆர் சொன்னது?"

"அப்பப்பா. பின்னுக்கு வச்சா வாலாட்டுமாம். நாங்கள் நோர்ட்சே போகேக்க நடுவிலதான் வச்சனாங்கள்."

"ஈஸ்டருக்கோ? உண்மையாப் போனனீங்களோ பிள்ளை?"

அவள் சப்பாத்தைப் பார்த்தாள். "அது கெஹைம்னிஸ்," என்றாள். பிறகு அம்மப்பாவுக்கு ஜெர்மன் வராது என்று நினைத்து, "ரகசியம்," என்றாள்.

இமெல்டா ஒரு தோடம்பழத்தை உரித்துக் கொடுத்தா. பழம் முடிய முதல் ரகசியமும் முடிந்துவிட்டது.

"கார் ஓடாது அம்மப்பா. முற்றத்தில நிண்டபடி. கரவனையும் கொழுவி. அப்பப்பா ஸ்டியரிங் பிடிப்பார். நான் பக்கத்தில இருந்து மேப்பைப் பார்த்து றோட்டுச் சொல்லுவன். கஸ்ஸல் வருது, லொறி வருது, இப்ப இடப்பக்கம் எண்டு. அவருக்கு இப்ப போர்டெல்லாம் தெரியாது. புகை மாதிரியாம். கடல் வந்ததும் நான் சொன்னனான், அவர் பிரேக் போட்டவர்."

"ஏனம்மா எங்களுக்குச் சொல்லேல்லை?"

"ஆரிட்டயும் சொல்லக்கூடாது எண்டவர். உங்களிட்டக் கட்டாயம் சொல்லக்கூடாது எண்டவர்."

உங்கள் கடிதங்களைப் பாதைப் புத்தகம் மாதிரி கூடவே கொண்டுவந்திருந்தேன். மேசையில் வரிசையாகப் பரப்பினேன். ஜனவரியில் எறும்பு. மார்ச்சில் வண்டு. பிறகு அக்காவின் கை. இவ்வளவு நாளும் என் கண்ணுக்கு முன்னால்தான் இருந்தது. நான் பெருமை என்று வாசித்தேன்.

அரிசி மூட்டையை இமெல்டாவும் நானும் தூக்கி நடுவில் வைத்தோம். உரலையும் வைத்தோம். மிச்சத் தூரம் முட்டை அசையவில்லை.

அண்ணை, ஒன்று கேட்கவேண்டும். சிரிக்கக்கூடாது. நாலு வருடம் உங்கள் கரவனை நான் பார்த்த பார்வை நல்ல பார்வை அல்ல. அந்தக் குளியலறையை நினைத்து எத்தனை நாள் பெருமூச்சு விட்டிருப்பேன். என் கண்ணூறு பட்டுவிட்டதோ? மாதாவிடம் மெழுகுதிரி ஏற்றும்போது இதைத்தான் கேட்டேன். மாதா கூட்டத்தில் இருந்தா, மறுமொழி கிடைக்கவில்லை.

பாதை: றைன் பக்கமெல்லாம் சோளம், ஆள் உயரம். மோசல் பாலம் அவ்வளவு உயரம், கீழே வள்ளங்கள் தீப்பெட்டி மாதிரி. திராட்சைக் கொடிகள் சரிவில் வாரிவிட்ட தலைமயிர் போல. கோப்லென்ஸ் தாண்டினதும் ஒரு மழை, ஐந்து நிமிடம். கொலோனுக்குப் பிறகு எல்லாம் தட்டை. மாடுகள், கறுப்பு வெள்ளை. இங்கே புல்வெளியில் எங்கள் சனத்தின் குழம்பு மணம். அன்னா முன் வாங்கில் படுத்திருக்கிறாள். இந்த முகாமிலேயே ஆகச் சின்னக் கரவன் எங்களுடையதாம். எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிகிறாள், பெருமையாகவா வெட்கமாகவா என்று விளங்கவில்லை.

உங்கள்,
பேனாட்


ஹைல்புரோன், 20.08.1997

சம்பந்திக்கு,

நானே எழுதுகிறேன். பக்கத்துக்கு ஐந்து வரி. பொறுத்துக்கொள்ளவும்.

சீனி கண்ணுக்குள் போய்விட்டது. பெப்ரவரியில் ஓட்டுவதை நிறுத்தினேன். ஏப்ரலில் லேசர் வைத்தார்கள். இனி இருப்பதைக் காப்பாற்றலாம், போனது வராது. பிள்ளைகளிடம் இன்றுதான் சொன்னோம்.

தங்கள் பார்வைக்கு அவ்வளவு பலம் இல்லை. காரணம் சீனி என்று டொக்டர் எழுத்தில் தந்திருக்கிறார்.

தங்களுக்கு ஏன் சொல்லவில்லை என்றால், மற்றவர்கள் அறிந்தால் பாவம் என்பார்கள். அதைத் தாங்கலாம். தாங்கள் ஒருவர்தான் என்மேல் பொறாமைப்பட்டீர்கள். அந்தக் கடிதங்களை மகாதேவி வாசிக்கும்போது நான் இன்னும் ஓட்டிக்கொண்டிருந்தேன். தாங்களும் பாவம் என்று எழுதத் தொடங்கினால் கார் நின்றுவிடும்.

மோசல் பாலம் நன்றாக இருந்தது. மாடுகளும்.

அரிசி நடுவில் இருக்கட்டும்.

இராசலிங்கம்


பான், 02.09.1997

பெருமதிப்புக்குரிய அண்ணைக்கு,

தடித்த பேனை வாங்கி, ஒரு பக்கத்துக்கு ஐந்து வரியாக எழுதுகிறேன். இது அக்காவுக்கு அல்ல, நீங்களே வாசிப்பதற்கு. தபாற்செலவு கூடும், பரவாயில்லை.

நாங்கள் சுகம். உங்கள் சுகத்தை விசாரிக்க எனக்கு நேரமில்லை, முறைப்பாடுகள் நிறைய இருக்கின்றன.

முதலாவது, குளியலறை. கேவலாரில் மழைக்குள் வாளியைத் தூக்கிக்கொண்டு போனபோது உங்களை நினைத்துப் பல்லைக் கடித்தேன். இரண்டாவது, திரைச்சீலை. அன்னா முட்டையில் இரண்டாம் நாளே, "அப்பப்பான்ர கரவனில திரைச்சீலை இருக்கு" என்றாள். இமெல்டா தன் சேலையைக் கிழித்துக் கட்டினா. அப்படியும், "அதில பூப் போட்டிருக்கு" என்கிறாள். மூன்றாவதுதான் மோசம். நான் மோசல், றைன், கேவலார் என்று எழுநூறு கிலோமீற்றர் பிள்ளையைக் கொண்டுபோனேன். வீட்டுக்கு வந்ததும் அஞ்சலா கேட்டாள், எந்தப் பயணம் பிடித்தது என்று. "அப்பப்பாவோட நோர்ட்சே போனது" என்றாள். முற்றத்தை விட்டு அசையாத காருக்கு நான் தோற்றேன் அண்ணை! இதை எந்த வயிற்றில் வைத்து ஆற்றுவது?

ஆகவே வாற சனிக்கிழமை அன்னாவையும் ஏற்றிக்கொண்டு முட்டையோடு வருகிறேன். உங்கள் கரவனை என் ஓப்பல் இழுக்காது, அது முற்றத்திலேயே நின்று என்னை எரிக்கட்டும். முன் சீற் உங்களுக்கு. அக்காவும் இமெல்டாவும் பின்னால். அன்னா அவர்களுக்கு நடுவில், அச்சுக்கு மேலே. மேப்பை அவள் பார்ப்பாள், தெரு எது என்று நீங்கள் எனக்குச் சொல்லவேண்டும். பிழை விட்டால் ஏசவேண்டும். பாவம் பார்த்து விடக்கூடாது.

நோர்ட்சேக்குத்தான் போகிறோம். மத்தியானத்துக்குள் திரும்ப எனக்கு ஏலாது. உங்களுக்கு ஏலுமாயிருந்தது, தெரியும்.

உங்களை நினைத்து வயிறு எரியும்,
பேனாட்